பயிற்சிக் கோப்புகளை இணையத்தில் எங்கே வைப்பது? பத்தாண்டு கழித்தும் கிடைக்க வேண்டும்

கேள்வி: கலுங்கடி, மேலூர்

அனைவருக்கும் வணக்கம். மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரங்களில் கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு சிறிய தன்னார்வ அமைப்பில் பணிபுரிகிறேன். மடையை (கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் வாயில்) பழுதுபார்ப்பது, கலுங்கின் (மிகுதி நீர் வழிந்தோடும் அமைப்பு) உயரத்தைக் கணக்கிடுவது, வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) தூர்வாருவது, 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் நடத்துவது, சங்கக் கணக்கு எழுதுவது என்று பல தலைப்புகளில் பதினாறு ஆண்டுகளாகச் சேர்ந்த பவர்பாயின்ட் கோப்புகள் எங்களிடம் 340 இருக்கின்றன. கைப்பிரதிகள், ஒளிப்படங்கள், செயல்முறைக் காணொளிகள் எல்லாம் சேர்த்து 60 ஜிபி அளவு வருகிறது. அதில் 40 ஜிபிக்கு மேல் காணொளிகள்தாம்.

இவை இப்போது இருக்கும் நிலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பகுதி அலுவலகக் கணினியில் இருக்கிறது. இன்னொரு பகுதி, மூன்றாண்டுகளுக்கு முன் வேலையை விட்டுச் சென்ற பயிற்றுநர் ஒருவரின் சொந்தக் கணக்கில், ஓர் இணையச் சேமிப்பிடத்தில் இருந்தது. அவர் நல்ல மனிதர். கேட்டபோதெல்லாம் திறந்து கொடுத்தார். ஆனால் சென்ற ஆண்டு கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார், பழைய கைபேசி எண்ணையும் விட்டுவிட்டதால் மீட்கும் வழியும் அடைபட்டுப் போனது. அதிலிருந்த ஏறத்தாழ முப்பது கோப்புகள் எங்களிடம் வேறெங்கும் இல்லை.

2017-இல் குடிமராமத்துப் பணிகளை (ஊரார் பங்கேற்போடு நீர்நிலைகளைச் சீரமைப்பது) அரசு மீண்டும் தொடங்கிய பிறகு எங்களிடம் பயிற்சி கேட்டு வந்த ஊர்கள் மிகுந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 22 கண்மாய்களின் கரையில் தகரப் பலகைகள் வைத்து, கண்மாயின் கொள்ளளவு, ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு), மடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, பயிற்சிப் பாடங்களுக்குப் போகும் க்யூஆர் கட்டம் ஒன்றையும் அச்சிட்டோம். அந்தக் கட்டம், நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் ஓர் இலவசக் குறுமுகவரிச் சேவையின் வழியாகச் சென்றது. அந்தச் சேவை ஒருநாள் நின்றுபோனது. பலகையில் வண்ணம்கூட மங்கவில்லை, கட்டம் மட்டும் செத்துக் கிடக்கிறது.

இனியாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்து, பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. ஸ்லைடுகளைப் பகிரும் தளமான ஸ்லைடுஷேர், கூகுள் டிரைவ், இன்டர்நெட் ஆர்க்கைவ், சொந்த வலைத்தளம் ஆகிய நான்கும் பேச்சில் அடிபடுகின்றன. செலவு ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. எங்கள் பயிற்றுநர்கள் கைபேசியிலேயே திறக்க முடிய வேண்டும், தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும், பத்தாண்டு கழித்தும் அதே முகவரியில் இருக்க வேண்டும். இவற்றில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நூலடுக்கு, மதுரை

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் பணிசெய்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு கேள்வி கேட்டிருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றைக்குப் பயிற்றுநர் ஒருவர் கொட்டாம்பட்டியில் கூட்டம் தொடங்குவதற்கு முன் திறந்து பார்ப்பதற்கான இடம் ஒன்று. இன்னும் இருபது ஆண்டு கழித்து ஒருவர் வந்து இந்தக் கண்மாய்க்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கான இடம் மற்றொன்று. வாசிப்பறையும் காப்பறையும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம், ஆனால் ஒரே அறையாக எந்த நூலகத்திலும் நான் பார்த்ததில்லை. வாசிப்பறை வசதியாக இருக்க வேண்டும், காப்பறை மாறாமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சேவையிடம் கேட்டால் அது முதலாவதைத்தான் தரும்.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்லைடுஷேர் 2006-இல் தொடங்கப்பட்டது. 2012-இல் லிங்க்ட்இன் அதை வாங்கியது, 2020-இல் ஸ்கிரிப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விதிகளை வகுப்பவர் மாறுகிறார். விளம்பரங்களுக்கு நடுவில் உங்கள் மடைப் படம் தெரிவதும், பதிவிறக்க வேண்டுமானால் கணக்குத் தொடங்கச் சொல்வதும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பலர் பார்ப்பதற்காக ஒரு படியை அங்கே வைக்கலாம். ஒரே படியை அங்கே வைக்கக்கூடாது.

டிரைவும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் தந்துவந்த இடத்தை, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி என்று 2022-இல் சுருக்கியபோது, பேராசிரியர்கள் பலர் தம் பாடக்குறிப்புகளை இரவோடிரவாக இறக்கிக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன். 2021 செப்டம்பரில் பாதுகாப்புக்காக இணைப்புகளின் அமைப்பை மாற்றியபோது, முன்பு பகிர்ந்த சில இணைப்புகள் புதிதாக அனுமதி கேட்கத் தொடங்கின. யூடியூபிலும் அதே ஆண்டு ஜூலையில், 2017-க்கு முன் பட்டியலில் காட்டாமல் ஏற்றியிருந்த காணொளிகளை, உரியவர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் தனிப்பட்டவையாக மாற்றிவிட்டார்கள். இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்; அவர்கள் வீடு, அவர்கள் விதி. ஆனால் நம் பத்திரப்பெட்டியை வாடகை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

காப்பறைக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். முதலாவது இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற நூலகம். பதிவேற்றக் கட்டணம் இல்லை, காணொளியையும் ஏற்கும். பிடிஎஃப் ஏற்றினால் புத்தகம்போல் புரட்டிப் படிக்கலாம். ஏற்றும்போது மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மறவாமல் குறியுங்கள், ஏனெனில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் வேலை அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் நீங்கள் கொடுக்கும் அடையாளப் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால், ஒரு முறையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செனோடோ. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகம் 2013-இலிருந்து நடத்துவது. ஆய்வாளர்களுக்காக ஏற்பட்டதுதான் என்றாலும், விளக்கக்காட்சி, பாடம் என்ற வகைகளும் அதில் உண்டு. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் தருகிறார்கள். ஒவ்வொரு பதிவும் டிஓஐ என்னும் நிலையான எண்ணைப் பெறும். திருத்திய பதிப்பை ஏற்றினால் அதற்குத் தனி எண் கிடைக்கும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான எண் ஒன்றும் உண்டு, அது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே இட்டுச் செல்லும். உங்கள் சட்டப் பாடம் போல அடிக்கடி திருத்தப்படும் கோப்புகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும்.

ஒரு காப்பறையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் செயல்படாமல் இருந்தது. நூல்கள் அழியவில்லை, ஆனால் கதவு மூடியிருந்தது. ஓலைச்சுவடிக் காலத்திலும் ஏட்டைக் காத்தது பெட்டியைவிடப் படியெடுத்த கைகள்தாம். படியெடுக்க ஆளில்லாமல் போன ஏடுகளைத்தான் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள்.

மறுமொழி: மாட்டுத்தாவணி

அம்மா சொன்ன பிரிவினையை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினாறு ஆண்டுக் கோப்புகள் என்றால், தொடக்க கால ஸ்லைடுகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? என் கணிப்பு பாமினி.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியும், நடுநடுவே ஆங்கில எழுத்துகளுமாக ஒரு குப்பை தெரியும். இதைவிட மோசமான நிலை, எழுத்துருவை உள்ளே பொதிந்து பிடிஎஃப் ஆக்கிவிடுவது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆதலால் யாரும் பிழையைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கலுங்கு என்று இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் தேடினால் ஒரு முடிவும் வராது. அப்படிப்பட்ட 340 பிடிஎஃப்களை உலகின் ஆகச்சிறந்த காப்பகத்தில் ஏற்றினாலும் நீங்கள் கேட்ட தமிழ்த் தேடல் கிடைக்காது.

இது புதிய சிக்கல் அல்ல. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியபோது யூனிகோடுத் தமிழ் புழக்கத்துக்கு வரவில்லை. முனைவர் கல்யாணசுந்தரமும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களும் இலக்கியங்களை அன்றைய குறியீடுகளில் தட்டச்சு செய்து வெளியிட்டார்கள், பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்றியதால்தான் இன்றும் படிக்கிறோம். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆகவே உங்கள் கோப்புகளில் 2010-ஐ ஒட்டியவற்றை ஐயத்தோடு பாருங்கள். எங்கள் தெருவில் டிடிபி கடை வைத்திருப்பவர் இன்றுவரை பாமினியை விடவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சில பத்திகளை மட்டும் மாற்ற வேண்டுமானால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றி போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் கையால் முடியாது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைக் கட்டளை வரியிலிருந்து இயக்கி, பிபிடி என்ற பழைய வகைப் பவர்பாயின்ட் கோப்புகளை எல்லாம் பிபிடிஎக்ஸ் என்ற புதிய வகையாக்கிவிட்டு, பைத்தான் மொழியில் பைத்தான்-பிபிடிஎக்ஸ், ஓப்பன்-தமிழ் என்ற இரண்டு இலவச நிரல்தொகுப்புகளையும் சேர்த்து எழுதினால், எழுத்துருவின் பெயர் பாமினி என்று இருக்கும் துண்டுகளை மட்டும் தேடி யூனிகோடாக்க முடியும். பெயரைப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாக மாற்றினால், ஸ்லைடில் ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குறிகளும் பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும். நானே ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு நாள் வீணாக்கினேன். எழுதிய நிரல் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை மேலூருக்கு வந்து ஓட்டித் தருகிறேன்.

யூனிகோடு ஆன பிறகும் பிடிஎஃப்பை முழுதாக நம்ப வேண்டாம். கொ, கோ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிப் பதிவாகி, நகலெடுத்தால் உடைந்து வருவது பல பிடிஎஃப்களில் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கோப்புகள் வையுங்கள்: திருத்தக்கூடிய மூலக்கோப்பு, எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், வெறும் எழுத்து மட்டும் கொண்ட ஓர் உரைக்கோப்பு. பிடிஎஃப் ஆக்கும்போது பிடிஎஃப்/ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். நீண்டகாலக் காப்புக்கென்றே 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது அது. எழுத்துருவை உள்ளே பொதிவதை அது கட்டாயமாக்குகிறது.

இன்னொன்றும் பாருங்கள். பவர்பாயின்ட் 2007-லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் காணொளி ஸ்லைடுக்குள் போகாது. கணினியில் அது இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டும்தான் போகும். பழைய ஸ்லைடில் காணொளி ஓடவில்லை என்றால் கோப்பு பழுது என்று நினைக்காமல், அலுவலகக் கணினியில் அந்தக் காணொளியைத் தேடி எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

இப்போது முகவரி. 22 பலகைகளும் வீணானதற்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த சேவை மட்டுமல்ல. இன்னொருவரின் முகவரியை இரும்பில் அச்சிட்டதுதான் காரணம். அதே சிக்கல் கூகுளின் குறுமுகவரிக்கும் வந்தது: 2019-இல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தினார்கள், 2025 ஆகஸ்ட் மாதம் எல்லாம் நிற்கும் என்று அறிவித்தார்கள், பிறகு பயன்பாட்டில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்துவதாகத் திருத்திக்கொண்டார்கள். அமைப்பின் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணைய முகவரி) வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம்வரை ஆகும். ஒரே தடவையில் பத்தாண்டுக்கும் கட்டலாம். பலகையில் அந்த முகவரியை மட்டும் அச்சிடுங்கள். அதற்குப் பின்னால் கோப்பு இன்று ஒரு காப்பகத்தில் இருக்கும், நாளை வேறொன்றில் இருக்கும். திருப்பிவிடும் வேலை உங்கள் கையில் இருக்கும். டொமைனைப் பதியும்போது பயிற்றுநரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிடாதீர்கள், கடவுச்சொல் கதை மறுபடியும் நடக்கும்.

தளம் நடத்தத் தனியாகச் சர்வர் வேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் வசதியில் நிலையான பக்கங்களை இலவசமாக வைத்து உங்கள் டொமைனோடு இணைக்கலாம். ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டக்கூடாது, தளம் மொத்தம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். 340 பிடிஎஃப்களும் ஒவ்வொன்றும் 2 எம்பி என்றால் 680 எம்பி, தாராளமாக அடங்கும். மூலக்கோப்புகளும் காணொளிகளும் அம்மா சொன்ன காப்பறைக்குப் போகட்டும்.

மறுமொழி: ஆயக்கட்டு, பேரையூர்

மேலே எழுதிய இருவரும் அறிந்தவர்கள். நான் பயிற்சி கொடுக்கும் பக்கத்திலிருந்தும், ஒருகாலத்தில் பயிற்சி பெற்ற விவசாயி என்ற பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஸ்லைடுகளை இணையத்துக்குப் போய்த் திறப்பவர்கள் யாரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள் என்றுதான் கேட்பார்கள். கேள்வி கேட்ட நண்பரின் அமைப்பைப் போன்ற ஓர் அமைப்பிடமிருந்து எனக்கு வந்த ஒரு கோப்பு 86 எம்பி. அதில் ஸ்லைடு பதினான்கு. கேமராவில் எடுத்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஒட்டியிருந்தார்கள். கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு அதை யார் இறக்குவது? 2 எம்பிக்குள் பிடிஎஃப் என்று மாட்டுத்தாவணி நண்பர் மேலே கணக்குப் போட்டிருக்கிறார். அந்த அளவைக் கட்டாய விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படங்கள் காப்பறையில் இருந்தால் போதும்.

இரண்டாவது குறை எனக்கு முதன்மையானது. பயிற்சியின் உயிர் ஸ்லைடில் இல்லை. ஸ்லைடில் கலுங்கு மட்டம் என்று ஒரு தலைப்பும் ஒரு படமும் இருக்கும். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் சண்டை போடும் ஊரில் அந்த மட்டத்தை எப்படிப் பேசி முடிவு செய்வது, நீர்பாய்ச்சியை (வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடுபவர்) யார் முன்னிலையில் நியமிப்பது என்பதெல்லாம் பயிற்றுநர் வாயில்தான் இருக்கும். சிலர் அதை ஸ்லைடுக்குக் கீழே குறிப்பாக எழுதி வைப்பார்கள். பிடிஎஃப் ஆக்கும்போது அந்தக் குறிப்புகள் விட்டுப்போகின்றன. எனக்கு வந்த கோப்புகளில் பத்தில் ஒன்றில்கூடக் குறிப்பு இல்லை. படத்தைக் காத்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொலைத்தால் பின்னால் வருபவருக்கு அது புரியாது. எழுதாத பயிற்றுநர்களை உட்காரவைத்து, ஸ்லைடு ஸ்லைடாகக் கைபேசியில் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். எங்கள் பகுதியில் மடையடைப்பு அறிந்த பெரியவர்கள் இருவர் இந்த இரண்டாண்டில் தவறிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பைக் காப்பிடம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கைபேசி மாறினால் போய்விடும். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு பிடிஎஃப்பின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் உங்கள் டொமைன் முகவரியையும் பதிப்பு மாதத்தையும் அச்சிடுங்கள். ஐந்து குழுக்களைத் தாண்டி வந்த கோப்பானாலும் எங்கிருந்து புறப்பட்டது, புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கும்.

மறுமொழி: கலுங்கடி, மேலூர்

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு பெயர்களில் ஒன்றைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது என்று இப்போது விளங்குகிறது.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 340-இல் 118 கோப்புகள் பாமினியில் இருக்கின்றன, கடைசியாகச் செய்தது 2014-இல். ஒரே பாடத்துக்குப் புதியது, புதியது 2, கடைசி, கடைசி திருத்தியது, இதுதான் கடைசி என்று ஐந்து பெயர்களில் கோப்புகள் இருப்பதும் தெரிந்தது; அவற்றைக் கழித்தால் உண்மையான பாடங்கள் 190-ஐத் தாண்டாது. ஸ்லைடுக்குக் கீழே குறிப்பு எழுதப்பட்டவை 41 மட்டுமே. பேரையூர் நண்பர் சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எங்கள் முடிவு இது. அமைப்பின் பெயரிலும், தலைவர், செயலர் இருவரும் திறக்கக்கூடிய பொது மின்னஞ்சலிலும் டொமைன் பதிந்து, பத்தாண்டுக் கட்டணத்தை இப்போதே கட்டிவிடுகிறோம். சிறிய பிடிஎஃப்கள் தளத்தில் இருக்கும். மூலக்கோப்பு, பிடிஎஃப்/ஏ, உரைக்கோப்பு, காணொளி எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும். சங்கச் சட்டம், கணக்கு ஆகிய இரண்டு பாடத்தொகுதிகள் மட்டும் செனோடோவுக்குப் போகும். அலுவலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்கும் செயலரின் திண்டுக்கல் வீட்டில் ஒன்றும் வைத்து, ஆண்டுக்கொருமுறை தைப்பொங்கல் விடுமுறை முடிந்ததும் திறந்து சரிபார்ப்பது என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பங்கேற்ற விவசாயிகளின் படங்கள் ஏராளமான ஸ்லைடுகளில் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்றலாமா? பதிப்புரிமை பற்றி எங்கள் குழுவில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர், அது சரியா?

மறுமொழி: நூலடுக்கு, மதுரை

முதல் ஐயத்தை எழுப்பியதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். பொதுக் காப்பகத்தில் ஏற்றியது திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நான் பார்த்த பயிற்சிக் கோப்புகளில் கடைசி ஸ்லைடில் பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் ஆதார் எண்ணோடு இருந்ததுண்டு; வருகைப் பதிவேட்டை அப்படியே ஒளிப்படம் எடுத்து ஒட்டியிருந்ததும் உண்டு. அவற்றை முதலில் அகற்றுங்கள். படத்தின்மேல் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தால் போதாது, மூலக்கோப்பில் அதை நகர்த்தினால் கீழே எண் தெரியும். பிபிடிஎக்ஸ் என்பது ஒரு ஜிப் பொதிதான். படங்கள் உள்ளே முழுதாக இருக்கும், படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டினாலும் வெட்டிய பகுதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. முகம் தெளிவாகத் தெரிபவர்களிடம் ஊர்க்கூட்டத்திலேயே கேட்டு ஒப்புதல் எழுதி வாங்குங்கள், கேட்க முடியாதவர்களின் படத்துக்குப் பதிலாக மடையின் படத்தை வையுங்கள். மூலத்தை வெளியிடாமல் ஹார்டு டிஸ்கில் மட்டும் வைத்திருக்கலாம்.

பிறர் படங்களும் இருக்கும். இணையத்தில் எடுத்து ஒட்டியவற்றைக் கழித்துவிடுங்கள். கூகுள் எர்த் படமானால் அதன் மூலையில் உள்ள உரிமைக் குறிப்பை வெட்டக் கூடாது.

உரிமத்தைப் பொறுத்தவரை, வணிகத் தடை விதிப்பதை நான் ஏற்கமாட்டேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் கொண்டதன் நான்காம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வணிகத் தடை உள்ள கோப்புகளை விக்கிமீடியா காமன்ஸ் ஏற்பதில்லை; ஆகவே தமிழ் விக்கிப்பீடியாவில் கலுங்கு பற்றிய கட்டுரைக்கு உங்கள் வரைபடத்தைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு வழி அடைபடும். கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்தும் ஒருவர் உங்கள் ஸ்லைடைக் காட்டுவதால் உங்களுக்கு என்ன இழப்பு? பெயர் அதில் இருக்கிறது. உங்கள் குழுவில் ஒருவர் பிடிவாதமாக இருப்பார் என்று தெரியும். எல்லாக் குழுக்களிலும் ஒருவர் இருக்கிறார்.

கோப்புப் பெயருக்கு ஒரு யோசனை: ஆண்டு, மாதம், பாடத்தின் எண், பதிப்பு எண் என்ற வரிசையில் இலக்கங்களாக வையுங்கள். தமிழ்த் தலைப்பும், ஊரும், பயிற்றுநர் பெயரும் விவரக்குறிப்பில் இருக்கட்டும். கடைசி என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் எழுதுவதைத் தீர்மானம் போட்டே தடை செய்யுங்கள்.

மறுமொழி: மாட்டுத்தாவணி

ஹார்டு டிஸ்கை ஆண்டுக்கொருமுறை சரிபார்ப்பது என்றால் திறந்து இரண்டு கோப்பைப் பார்ப்பது அல்ல. ஏற்றும் நாளிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற கைரேகை எண்ணைக் கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். பிறகு கணினியே எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். 60 ஜிபிக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பென்டிரைவில் காப்புப்படி வைக்க வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை எனக்கு வசதிதான். காலை பத்து மணிக்குள் மேலூர் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடுவேன். அந்த 118 கோப்புகளையும் ஒரே கோப்புறையில் எடுத்து வையுங்கள், அசலைத் தொடாமல் நகலில் வேலை செய்வோம்.

மறுமொழி: ஆயக்கட்டு, பேரையூர்

பழைய பலகைகளை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. 22-ஐயும் புதிதாகச் செய்ய வேண்டாம், செத்துப்போன கட்டத்தின்மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். கட்டத்துக்குக் கீழே முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். எங்கள் சங்கத் தலைவரின் கைபேசியில் கேமரா உடைந்து இரண்டு வருடம் ஆகிறது.

மறுமொழி: கலுங்கடி, மேலூர்

ஸ்டிக்கருக்குச் சொல்லிவிட்டோம். முகவரி கட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். மாட்டுத்தாவணி நண்பருக்கு, பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் காத்திருப்பேன். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.